ஐப்பசி மழையில் ஊருக்கு மூன்று ரோல்

போன இதழில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். தீபாவளி முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன், டிஜிட்டல் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு மூன்று ஃபிலிம் ரோல் மட்டும் கொண்டுபோகிறேன் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள், மீதிப் பேர் இந்தக் காலத்தில் எதற்கய்யா உமக்கு இந்த வேலை என்கிறார்கள். சரி, இந்த மாதம் பதில் முழுவதும் இதற்கே. என் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவே: ஒரு கண்மாய், ஒரு ஐயனார் கோயில், அறுபது தலைக்கட்டு. ஊர்ப் பெயரைப் போட்டால் பங்காளிகள் ஃபோன் பண்ணுவார்கள் என்பதால் இதற்கு மேல் சொல்வதாக இல்லை.

கே: அப்பாவின் ஊர் மானாமதுரைப் பக்கம். கார்த்திகைக்குள் ஒருமுறை காரில் போய்ப் படம் எடுத்து வர ஆசை. ஆனால் அடைமழைக் காலம். ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும், மாசி பங்குனிக்குத் தள்ளிப்போடு என்கிறார் என் கணவர். தள்ளிப்போடலாமா?
(தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

ப: தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கணவர் சொல்வது பெட்டிக் கேமரா காலத்துப் பாடம். ஃபிலிமுக்கு வேகம் குறைவு, அதாவது நிறைய வெளிச்சம் கேட்கும், லென்ஸும் சின்னது, அதனால் உச்சி வெயிலில் எல்லாரையும் நிற்கவைத்துக் கண்ணைச் சுருக்கச் சொல்லி எடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் பாருங்கள், பாதிப் பேருக்குக் கண்ணே இருக்காது.

சித்திரை நடுவில் நம் பக்கத்தில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். புருவத்துக்குக் கீழே குழி விழுந்த மாதிரி கறுப்பு, மூக்கின் நிழல் உதட்டில். ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் மத்தியானத்தில்கூட வெளிச்சம் கொஞ்சம் சாய்வாகத்தான் விழும். அதைவிட முக்கியம், ரெண்டு மழை பெய்து காற்றில் இருக்கும் புழுதி அடங்கியிருக்கும். பங்குனியில் சாம்பல் பூசின மாதிரி இருக்கும் அதே வேப்பமரம் ஐப்பசியில் துடைத்து வைத்ததுபோல நிற்கும். மேகம் மூடினால் இன்னும் நல்லது. வானம் முழுக்க வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டிய மாதிரி, நிழலே இல்லாத மெத்தென்ற வெளிச்சம், மனித முகத்துக்கு அதைவிட நல்ல விளக்கை எந்த ஸ்டூடியோவும் வைத்ததில்லை.

அப்புறம், உங்கள் பக்கம் மானாவாரி. புழுதியில் விதைத்த நெல் ஐப்பசியில்தான் முளைத்துக் கணுக்கால் உயரத்துக்கு நிற்கும், கண்மாயில் தண்ணீர் வந்து கரையோரம் நாரைகள் இறங்கும். மாசியில் போனால் அரிதாளும் வெடித்த மண்ணும்தான். வெளிநாட்டுக்காரர்கள் இந்த மாதங்களில் இலை சிவந்து உதிர்வதைப் படம் எடுக்கக் காரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். நமக்குப் பழைய இலக்கணம் ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர், அதாவது குளிர்காலம், என்று பெயர் வைத்திருக்கிறது, நம் ஊரில் இது இலை துளிர்க்கிற மாதம்.

மழை பல நாள் மத்தியானத்துக்கு மேல் இடியோடுதான் வரும். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை உங்களுடைய நேரம். மழை விட்ட பிறகு வரும் அந்த அரை மணி நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லாரும் வாசலுக்கு வருவார்கள், தெருவில் தண்ணீர் நிற்கும், வெளிச்சம் கீழேயிருந்தும் வரும்.

கே: எந்த ஃபிலிம் வாங்குவது, எத்தனை ரோல்?
(சேலம், கல்லூரி மாணவர்)

ப: 400 வேகம், டப்பாவில் ஐஎஸ்ஓ 400 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும். மழைக்காலத்துக்கு 100, 200 வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கையில் ஒரே வகைதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் 400 வாங்குங்கள். கலரில் கோடக் அல்ட்ராமேக்ஸ் 400, கையில் காசு அதிகம் இருந்தால் போர்ட்ரா 400. கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். என் பையில் கலர் இரண்டு, கறுப்பு வெள்ளை ஒன்று. ரோலுக்கு 36 என்று மூன்று நாளைக்கு 108 படம். ஃபோனில் பழகினவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி எல்லாம் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒருமுறை பட்டனை அமுக்குவதற்கு ஆகும் காசில் ஒருவர் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கையில் மிச்சமும் வைத்திருக்கலாம். அந்தக் கணக்கு மனதில் ஓடும்போது கை தானாக நின்று யோசிக்கும்.

வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாத கேமரா என்றால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 400 ஃபிலிமுக்கு ஷட்டரை 500-ல், அதாவது ஐந்நூறில் ஒரு செகண்டில், வையுங்கள். எஃப் என்பது லென்ஸ் வாயின் அளவு, எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். பளிச்சென்ற வெயிலில் எஃப் 16. மேகம் மூடி நிழலே விழவில்லை என்றால் எஃப் 8. மழை இருட்டிக்கொண்டு வந்தால் எஃப் 5.6, புளியமரத்தடி, திண்ணை என்றால் எஃப் 4. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டியே கொடுங்கள். கலர் நெகடிவ் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. குறைந்தால்தான் கறுப்பெல்லாம் சேறு கலக்கின மாதிரி ஆகிவிடும். நெகடிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இது அப்படியே தலைகீழ், முதல் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

கே: ஃபோனிலேயே ஃபிலிம் மாதிரி ஃபில்டர் இருக்கிறதே சார்?
(கோவை)

ப: இருக்கிறது, நானும் போடுவேன், நல்லாவே இருக்கும். ஆனால் என் ஃபோனில் போன வருஷத்துத் தீபாவளிப் படம் எங்கே என்று கேட்டால் எனக்கே தெரியாது, 1983-ல் ஊரில் எடுத்த நெகடிவ் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியும்.

கே: தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா கிடைத்திருக்கிறது. முப்பது வருஷமாகத் துணி சுற்றி பீரோவில் இருந்தது. நேராக ரோல் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா?
(மதுரை)

ப: கூடாது. ஆனால் உங்கள் தாத்தா நல்ல கேமராவாகத்தான் வாங்கியிருக்கிறார். 1976-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் விற்ற மாடல், ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி இல்லாமலே ஓடும். எல்ஆர்44 பட்டன் பேட்டரி ஒன்று போட்டால் மீட்டரும் வேலை செய்யும். அதில் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். மூடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

முதலில் பின்கதவைத் திறங்கள். ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை விரலால் தொட்டுப் பாருங்கள், தார் மாதிரி ஒட்டினால் அது செத்துவிட்டது, வெளிச்சம் கசியும், படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு வரும். மாற்றுவது சின்ன வேலைதான். பிறகு லென்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. துணி சுற்றி பீரோவில் வைத்தது என்கிறீர்களே, துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அநேகமாக இருக்கும். கொஞ்சமாக இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது, கவலைப்படாமல் எடுங்கள். ஷட்டரை ஒரு செகண்டிலிருந்து ஆயிரம் வரை ஒவ்வொன்றாக அமுக்கிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் சத்தம் மாற வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் உள்ளூரில் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பட்டவன் நான்.

முதன்முதலில் சொந்தக் கேமராவோடு ஊருக்குப் போனபோது அப்பத்தா இருந்தது. எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், பார்வை மட்டும் கூர். படம் எடுக்கிறேன் அப்பத்தா என்றதும், செத்த இருடா என்று உள்ளே போய்ச் சுங்குடிச் சேலை மாற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றைப் புதுசாகப் பூசிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தது. ரெண்டு கையையும் முழங்காலில் நீட்டி வைத்துக்கொண்டு மூச்சையும் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது. நான் அது சிரிக்கும் வரைக்கும் எடுத்தேன், வெற்றிலை இடிக்கும்போது எடுத்தேன், கோழியை விரட்டும்போது எடுத்தேன். கேமராவின் எண் 36-ஐத் தாண்டி 38, 40 என்று போய்க்கொண்டே இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபிலிமின் நாக்கு உள்ளே சுருளில் மாட்டவே இல்லை. ஒரு அங்குலம்கூட நகராமல் டப்பாவுக்குள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் ஊரில் நான் எடுத்த படம் மொத்தம் பூஜ்யம். அடுத்த ஐப்பசிக்கு அப்பத்தா இல்லை.

ஆகவே ரோல் போட்டுக் கதவை மூடியதும், இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் பிடியை மெதுவாகச் சுற்றி ஃபிலிமின் தொய்வை இறுக்கிக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அந்தப் பிடி தானாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் ஃபிலிம் நகர்கிறது. எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கண் அங்கே போய்விட்டுத்தான் வரும்.

கே: காரில் போகும்போது வழியில் எங்கெல்லாம் நிறுத்தலாம்? ஃபிலிமைக் காரில் வைப்பது எப்படி?
(அம்பத்தூர்)

ப: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டு மேலே, பின் கண்ணாடிக்குக் கீழே, டிக்கியில், மூன்று இடத்திலும் வைக்காதீர்கள். ஐப்பசியாக இருந்தாலும் மூடின கார் வெயிலில் அரை மணி நேரம் நின்றால் உள்ளே கைவைக்க முடியாது, கலர் ஃபிலிமுக்குச் சூடுதான் முதல் எதிரி. முன் சீட்டுக்குக் கீழே ஒரு துணிப்பையில் இருக்கட்டும், சாப்பிட இறங்கினால் பையும் கூடவே இறங்கட்டும். வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோல் என்றால் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்து, வியர்வை அடங்கிய பிறகு போடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கினதும் லென்ஸ் பனி மூடும், அதைச் சட்டையால் துடைக்க வேண்டாம், ஐந்து நிமிஷம் ஒரு டீ குடியுங்கள், தானாகப் போய்விடும்.

வழி என்று கேட்டால், சென்னையிலிருந்து திருச்சி வரை எனக்கு நிறுத்த மனசு வருவதில்லை, மதுராந்தகம் ஏரி நிறைந்திருந்தால் மட்டும் ஒரு படம். திருச்சியில் மதுரை ரோட்டைப் பிடித்துத் துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் போவது புதுக்கோட்டை வழி, சுற்றுதான். ஏன் என்றால் புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் சாலையில் நமணசமுத்திரத்தில் ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். ஐயனாருக்கு மண் குதிரை செலுத்தும் புரவி எடுப்புத் திருவிழாவில் வேளார் என்னும் குயவர்கள் செய்து கொண்டுவந்து வைத்தவை. புதுசு ஒன்று, காது உடைந்தது ஒன்று, தலையே போனது ஒன்று. மழையில் நனைந்த சுட்ட மண்ணின் சிவப்பைக் கலர் நெகடிவ் பிடிக்கிற மாதிரி என் டிஜிட்டல் கேமரா பிடித்ததில்லை. கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் ஒரு மஞ்சள் ஃபில்டர் போடுங்கள், மேகம் எழும்பி நிற்கும். கோயிலுக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றுங்கள், அங்கே யாராவது இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். சில கோயில்களில் சாமியை எடுக்க விடமாட்டார்கள், அதில் வாதாட ஒன்றும் இல்லை.

காரியம் என்னவென்றால், வழியிலேயே ஒரு ரோலை முடித்துவிடாதீர்கள். நான் என் மனைவியிடம் ஊர் எல்லைக்கு முன்னால் பத்துப் படம்தான் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். பதினொன்றாவது தடவை காரை நிறுத்தினால் அவள் இறங்கிப் பஸ்ஸில் போய்விடுவாள்.

கே: நாங்கள் பினாங்கில் மூன்றாம் தலைமுறை. காரைக்குடி அருகே பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது, பதினாறு பங்கு. இந்த வருஷம் திறந்து பார்த்துப் படம் எடுக்க எல்லாப் பங்காளிகளும் சம்மதித்திருக்கிறார்கள். உள்ளே இருட்டாக இருக்கும் என்கிறார்கள். ஃபிலிமில் எடுக்க முடியுமா?
(பினாங்கு, மலேசியா)

ப: பதினாறு பங்கும் சம்மதித்ததுதான் இதில் பெரிய காரியம், இருட்டு ஒன்றுமே இல்லை.

முதலில் விமான நிலையம். இப்போது பல இடங்களில் கைப்பைக்கே சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அது ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். செக்-இன் பெட்டியில் போடுவது இன்னும் மோசம். ரோல்களை அவை வரும் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, கையால் சோதியுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். திரும்பும்போதும் இதே பாடு உண்டு. இந்தியாவிலேயே கழுவிவிட்டுப் போவது நிம்மதி, கழுவின நெகடிவை எந்தக் கதிரும் ஒன்றும் செய்யாது.

வீட்டுக்கு வருவோம். அந்த வீடுகளை வெளிச்சம் எப்படி வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை, அப்புறம் வானம் பார்த்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் ஒரே கோட்டில் கதவுகள். எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். வளவில் விழும் வெளிச்சம் பாதி வீட்டுக்குப் போதும். ஆனால் மீட்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து தூண்களைக் கரியாக்கிவிடும். அதனால் வானத்தை விட்டுவிட்டு, நிழலில் இருக்கும் சுவரைப் பார்த்து மீட்டர் எடுங்கள், வளவு கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். மேகமூட்டமான நாளில் இந்த வித்தியாசமே பாதியாகக் குறைந்துவிடும், ஐப்பசியில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

ட்ரைபாட் கொண்டுபோங்கள். இல்லையென்றால் பர்மாத் தேக்குத் தூண் எதற்கு இருக்கிறது, சாய்ந்து நில்லுங்கள், மூச்சை விட்டுவிட்டு பதினைந்தில் ஒரு செகண்டு வரை கையிலேயே எடுக்கலாம். நீண்ட நேரம் திறக்கும்போது ஃபிலிம் சோம்பிப்போகும். எச்பி5-க்கு மீட்டர் பத்து செகண்டு காட்டினால் நீங்கள் இருபது கொடுக்க வேண்டும். குண்டு பல்பைப் போட்டால் கலர் ஃபிலிமில் வீடே ஆரஞ்சுப் பழமாகிவிடும், அணைத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை நின்ற உயரத்தில் எடுக்காதீர்கள், குனிந்து, வளவின் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு வரும் கோணத்தில் எடுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் வர்ணத்தை ஊற்றிக் கவிழ்த்து வார்க்கிற கல், அந்தக் கண்ணாடி கொடுத்த மழமழப்பு அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

அப்புறம் ஒன்று. வந்தவர்கள் எல்லாரும் முகப்பையும் தூணையும் எடுப்பார்கள், அந்த மாதிரி படம் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நீங்கள் சாவிக்கொத்தை எடுங்கள். இரண்டாம் கட்டில் வரிசையாக இருக்கும் அறைகளில் எது உங்கள் தாத்தாவுடைய பங்கு என்று கேட்டு அந்தக் கதவை எடுங்கள். பரணில் கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், அதை எடுங்கள். இத்தனை வருஷம் வீட்டைப் பூட்டித் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பாரே, அவரை எடுங்கள். இந்த வீடுகளைப் பிரித்து நிலை, கதவு, தூண் என்று விற்பது காரைக்குடிக் கடைகளில் நாம் பார்ப்பதுதான். தூண் எங்காவது ஒரு ஹோட்டலில் நின்றுகொண்டிருக்கும். அந்த மனிதர் இருக்கமாட்டார்.

கே: சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்களைப் படம் எடுத்தால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது.
(கும்பகோணம்)

ப: கீழே இறக்குங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி, கதவு மூடின பக்கம் உங்கள் முதுகு இருக்கிற மாதிரி சுவரில் சாய்த்து வையுங்கள். ஒரு கறுப்புத் துணியையோ கம்பளியையோ உங்களுக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, அதில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை போட்டு எடுத்தால் கண்ணாடி காணாமல் போய்விடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், ஊர், சில சமயம் தேதி இருக்கும். எங்கள் பெரியப்பா கல்யாணம் எங்கே நடந்தது என்று வீட்டில் இரண்டு கட்சி இருந்தது, ஒரு ஸ்டாம்ப் தீர்த்துவைத்தது.

கே: என் அப்பா ஊட்டி ஃபிலிம் என்று ஒன்று சொல்லுவார். கதையா, நிஜமா?
(ஈரோடு)

ப: நிஜம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்று மத்திய அரசின் ஆலை இருந்தது, 1967-ல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தது. அந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். இப்போது ஆலை இல்லை. உங்கள் வீட்டில் சதுரமாக, சின்னதாக, கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் அநேகமாக பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவையாக இருக்கும், ஒரு ரோலுக்கு 12 படம். 12-ல் ஒன்று மாட்டுக்கு, ஒன்று புது சைக்கிளுக்கு. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கே: கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் குழாயில் வருவது வெந்நீர்.
(வேலூர்)

ப: வேலூர் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அட்டவணையில் எல்லாம் 20 டிகிரி என்று போட்டிருப்பார்கள், அவர்கள் ஊர் அப்படி. எச்பி5-ஐ ஐடி-11 என்ற டெவலப்பர் கரைசலில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிஷம், 24 டிகிரியில் சுமார் 9. ஒரு பக்கெட் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு அதில் மருந்து பாட்டில்களை நிறுத்தி 24-க்குக் கொண்டுவருவது சுலபம். டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றுக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கலருக்கு 37.8 டிகிரி, அதில் கால் டிகிரி தவறினாலும் நிறம் போகும், அதை லேபுக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது நெகடிவ் திரும்ப வேண்டும் என்று கவரின் மேல் பெரிதாக எழுதுங்கள். ஸ்கேனை அனுப்பிவிட்டோமே, நெகடிவ் எதற்கு என்று கேட்டுக் குப்பையில் போட்ட ஒரு கடை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

கே: போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர் அடையாளமே இல்லை. ஓட்டு வீடெல்லாம் போய் காங்கிரீட், கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், முச்சந்தியில் செல்ஃபோன் டவர், எங்கு பார்த்தாலும் ஃப்ளெக்ஸ் பேனர். ரோலைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.
(பெயர் வேண்டாம், பரமக்குடி)

ப: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் புரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான், டவர் வராத கோணமாகத் தேடித் தேடி, கரண்டு கம்பி வராமல் குனிந்து, கடைசியில் யாருமே இல்லாத ஒரு சுவரையும் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் சித்தப்பா பிரிண்டைப் பார்த்துவிட்டு, ‘இது எந்த ஊருடா?’ என்றார்.

ஃப்ளெக்ஸ் பேனரை எடுங்கள். காதணி விழாவுக்கு வைத்த பேனரில் உங்கள் பங்காளிகள் முப்பது பேர் முகமும் பெயரும் உறவுமுறையோடு இருக்கும், எந்த ஆவணக் காப்பகத்திலும் அது கிடைக்காது, அடுத்த மழைக்கு அது யாரோ வீட்டு வைக்கோல் படப்பின் மேல் மூடியாகப் போய்விடும். காங்கிரீட் வீட்டின் முன்னால் அதைக் கட்ட வளைகுடாவில் பத்து வருஷம் கஷ்டப்பட்டவரை நிறுத்தி எடுங்கள், அந்தக் காலத்தில் பர்மா போய்வந்தவர் முகப்பில் நின்று எடுத்துக்கொண்ட படத்துக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? வீட்டில் பழைய படம் ஒன்றாவது இருந்தால், அதே இடத்தில் நின்று அதே பக்கம் பார்த்து ஒன்று எடுங்கள். கலுங்கு, கோயில் கோபுரம், பெரிய புளியமரம் என்று நகராத ஏதாவது ஒன்றை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம்.

ஒரு சின்ன நோட்டில் ரோல் எண், பட எண், யார், யாருக்கு என்ன முறை என்று அன்றன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் முறை எல்லாம் மாறிவிடும். எடுத்தவர்களுக்கெல்லாம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்டால் அடுத்த முறை கதவே திறக்கமாட்டார்கள். பிரிண்டின் பின்னால் பெயர் எழுதப் பென்சில் ஒட்டாது, இப்போது வருவது பிளாஸ்டிக் பூசின தாள், மெல்லிய மார்க்கர் வாங்கி எழுதி, கை படாமல் இரண்டு நிமிஷம் காயவிடுங்கள்.

திறக்காத ரோல் ஒன்றும் கெட்டுவிடாது, ஃபிரிட்ஜில் வையுங்கள். கார்த்திகை இன்னும் முடியவில்லை.